'இருந்து திருத்து' என்கிறவர்களுக்கு

கஷ்ட காலத்தில் சொந்த மாநிலத்தை விட்டுக் கிளம்புகிறவன் இரண்டு மாநிலங்களைக் கெடுக்கிறான் என்கிறார் நண்பர். விட்டுவந்த ஊரைத் திருத்த ஆளில்லாமல் செய்துவிடுகிறானாம். வந்து சேர்ந்த ஊரில் கூலியை இறக்கிவிடுகிறானாம். பிகார்த் தொழிலாளர்களை முன்வைத்து சென்ற இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை வடிகட்டினால் மிஞ்சுவது இவ்வளவுதான்: ஊரில் இருந்து போராடுவது வீரம், ரயிலேறுவது கோழைத்தனம். தமிழர்கள் அப்படி ஓடாமல் ஊரிலேயே இருந்து உழைத்ததால்தான் தமிழ்நாடு இன்று இந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு முத்தாய்ப்பு வேறு.

அந்தக் கட்டுரையில் வசவு கிடையாது. 'வடக்கன்' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அக்கறை பொங்கி வழிகிறது. ஆபத்தே அதில்தான். வெறுப்பைக் கக்கியிருந்தால் வாசகர் முகம் சுளித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்டோட இரு" என்று பெரிய மனிதர் தோரணையில் ஒருவர் சொல்லும்போது நாம் தலையாட்டிவிடுகிறோம். அதனால் இந்த எதிர்வினை.

முத்தாய்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். தமிழன் ஓடவில்லையா? எந்தத் தமிழன்? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் பட்டினிக் கூட்டம் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது நண்பருக்குத் தெரியாததா? கடல் கடந்த கதை வேண்டாம் என்றால் தாராவிக்குப் போவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். 1966இல் சிவசேனை தொடங்கியபோது முதலில் குறிவைத்தது யாரை? மராட்டியர் வேலையைப் பறிக்க வந்த 'மதராஸி'களை. நம் லுங்கியைச் சொல்லிக் கேலிசெய்து விரட்டும் முழக்கங்கள் மும்பைத் தெருக்களில் ஒலித்தன. அன்றைய சேனை மேடைப் பேச்சில் வசவைக் கழித்துவிட்டு, மராட்டியர் என்று வருகிற இடத்திலெல்லாம் தமிழர் என்று போட்டுக்கொண்டால் நண்பர் கட்டுரையின் கடைசி மூன்று பத்திகள் தயார்.

கோலார் தங்கவயலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1880களில் ஆங்கிலேயக் கம்பெனி மைசூர் சமஸ்தானத்தில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வடாற்காட்டுப் பக்கத்துத் தலித் மக்கள். ஊரில் பண்ணையாள், நிலம் கிடையாது, தெருவில் நடக்க உரிமை கிடையாது. நண்பர் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் இவர்களிடமும் "இருந்து திருத்து" என்றுதான் சொல்லியிருப்பார். அவர்கள் கேட்கவில்லை, போனார்கள். என்ன நடந்தது? அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை எழுந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு, 1926இல் அப்பாதுரையார் கையால் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது. ஊரில் வாய் திறந்தால் அடிவிழும் என்றிருந்தவர்கள், போன இடத்தில் பத்திரிகை நடத்தினார்கள். தமிழ்நாட்டைத் திருத்திய சிந்தனையில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வெளியே சுரங்கத் தொழிலாளர் லைன்களில் விளைந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவார் நண்பர்? ஓடிப்போனவர்கள் கணக்கிலா, திருத்தியவர்கள் கணக்கிலா?

(இடையில் ஒன்று. கட்டுரைக்குக் கீழே அச்சாகியிருக்கும் குறிப்பின்படி நண்பர் பல ஆண்டுகளாகப் பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கிறார். அவருடைய கணக்குப்படியே அவரும் இரண்டு மாநிலங்களைக் கெடுத்தவர் ஆகிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன், நன்றாக இருக்கட்டும்.)

இனி பிகாருக்கு வருவோம். நண்பர் அந்த மாநிலத்தின் வறுமையை ஏதோ நிர்வாகக் கோளாறு போலவும், நாலு நல்லவர்கள் ஊரில் இருந்து தட்டிக்கேட்டால் சரியாகிவிடும் போலவும் எழுதுகிறார். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 1,106 பேர் வசிக்கிறார்கள், தமிழ்நாட்டில் 555. நிலம் வைத்திருப்பவரின் சராசரி நில அளவு 0.39 ஹெக்டேர், அதாவது ஓர் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் நிலம் இருப்பவருக்கு. 2023இல் அந்த மாநில அரசே எடுத்த சாதிவாரிக் கணக்கெடுப்பில், மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் 34 சதவீதம் என்று தெரியவந்தது. மாநிலத்துக்கு வெளியே வசிப்பவர்கள் 53 லட்சத்துக்கும் மேல்.

இந்த நிலைக்கு அந்த மக்கள் மட்டும்தான் காரணமா? 1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர ஜமீன் ஏற்பாட்டை விடுங்கள், பழங்கதை. சுதந்திர இந்தியாவின் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையை நண்பர் கேள்விப்பட்டதுண்டா? 1950களில் கொண்டுவந்து 1990களின் தொடக்கம்வரை மத்திய அரசு கட்டிக்காத்த ஏற்பாடு. எஃகு போன்ற மூலப்பொருள்கள் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை. இரும்பும் நிலக்கரியும் காலடியில் கிடந்த பிகாருக்கு இயற்கை கொடுத்த ஒரே சாதகம் அந்த ஒரு கையெழுத்தில் போயிற்று. ஜாம்ஷெட்பூர் வாசலில் பட்டறை போடுகிறவனுக்கும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பட்டறை போடுகிறவனுக்கும் எஃகு ஒரே விலை என்றால், துறைமுகமும் பள்ளிக்கூடமும் இருக்கிற ஊரில்தானே பட்டறை போடுவான்? மேற்கிலும் தெற்கிலும் இருந்த மாநிலங்கள் அதில் வளர்ந்தன. நம் கோவைப் பட்டறைகளுக்கும் அம்பத்தூர் ஆலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. நம் வளர்ச்சிக்கு நம் உழைப்பு காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. பிகாரின் தேக்கத்துக்கு அவர்களின் சோம்பலும் கோழைத்தனமும் காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன். 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது அந்தச் சுரங்கங்களும் ஜாம்ஷெட்பூர், பொகாரோ, தன்பாத் நகரங்களும் கையைவிட்டே போய்விட்டன. மிச்சமிருந்தது கங்கைச் சமவெளியின் வயலும் நேபாளத்திலிருந்து இறங்கும் வெள்ளமும்.

அந்த வெள்ளத்தையும் பார்க்கட்டும். 2008 ஆகஸ்ட் 18இல் கோசி நதி நேபாள எல்லைக்குள் குசாஹா என்ற இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு தடம் மாறியது. சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா, பூர்ணியா மாவட்டங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு வயல்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. மணலில் என்ன நடுவது? கரை உடைந்தது வேறொரு நாட்டு மண்ணில், அந்தக் கரையின் பொறுப்பு இரு நாட்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில். மதேபுராவின் குத்தகை விவசாயி எங்கே உட்கார்ந்து எதைத் திருத்துவது?

நண்பரின் யோசனைக்கு ஏற்கெனவே ஒரு பரிசோதனை நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாட்டை இழுத்து மூடினார்கள். நடந்தும் லாரி ஏறியும், மே 1 முதல் சிறப்பு ரயில்களிலும் லட்சக்கணக்கானவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஜூன் 20ஆம் தேதி பிகாரின் ககாரியா மாவட்டம் தெலிஹார் கிராமத்தை முன்னிறுத்திப் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்: ஊர் திரும்பியவர்களுக்கு ஊரிலேயே வேலை, 116 மாவட்டங்கள், 125 நாட்கள், 50,000 கோடி ரூபாய். பிகாரில் மட்டும் 32 மாவட்டங்கள். நண்பர் கேட்பதும் இதைத்தானே? வெளியே போகாதே, இங்கேயே வேலை, அரசே முன்னின்று. அந்த 125 நாட்கள் முடிவதற்குள்ளேயே ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். சென்னை, ஐதராபாத் கட்டுமான ஒப்பந்ததாரர்கள் பேருந்து அனுப்பியும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தும் ஆட்களை அழைத்துவந்த செய்திகள் நாளிதழ்களில் வந்தன. தண்டவாளத்தில் நடந்து செத்தவர்களைக் கண்ணால் பார்த்த அதே மக்கள், உயிர்ப் பயம் தீராமலே மறுபடி ரயிலேறினார்கள் என்றால் அதைக் கோழைத்தனம் என்று எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

நூறு நாள் வேலை இருக்கிறதே என்கிறார். 2024-25இல் பிகாரில் அதற்கு நிர்ணயித்த கூலி 245 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால்கூட ஆண்டுக்கு 24,500. நூறு நாள் யாருக்குக் கிடைத்தது? நாடு முழுவதற்குமான சராசரியே 50 நாளைச் சுற்றித்தான் நின்றது.

கிளம்புவதா இருப்பதா என்ற முடிவைத் தனி ஆளின் ஆசையாகவே நண்பர் பார்க்கிறார். கூட்டம் போகிற திசையில் போகிறார்கள், கைபேசியும் ஜீன்ஸும் இழுக்கின்றன என்கிறார். திருப்பூரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி டிரான்ஸ்பர் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம். ஞாயிறு காலையில் அந்தக் கடைகளில் வரிசை. அப்படியொரு வரிசையில் சீவான் மாவட்டத்து இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார், தினமும் ஒன்றரை ஷிப்ட். ஐயாயிரம் ரூபாயை இரண்டாகப் பிரித்து அனுப்பினார். மூவாயிரத்து ஐந்நூறு ஒரு கணக்குக்கு, மீதி வீட்டுக்கு. முதல் கணக்கு யாருடையது என்று கேட்டேன். ஊரில் வட்டிக்கு விடும் மகாஜனுடையது. அப்பாவின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கிய கடன், நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. "கடன் குடுக்கும்போதே கேட்டுட்டாரு அண்ணா, பையன் எந்த ஊருக்குப் போறான்னு" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்த ஒரு வரியை நண்பர் எழுதிவைத்துக்கொள்ளட்டும். நிலம் இல்லாத வீட்டில் அடமானம் வைக்க இருப்பது பிள்ளையின் ரயில் டிக்கெட் மட்டும்தான். பையன் ஊரிலேயே இருப்பான் என்றால் மகாஜன் கடன் கொடுக்க மாட்டான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்காது. முடிவை எடுத்தது அந்த இளைஞர் இல்லை. அம்மாவும் தாய்மாமனும் மகாஜனும் ஆஸ்பத்திரி பில்லும் சேர்ந்து எடுத்த முடிவு அது. சத்து மாவும் ஐந்து கிலோ சிலிண்டருமாக ஒரு லைன் வீட்டு அறையில் ஆறேழு பேர் அடைந்து கிடப்பதை ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வாழ்க்கை என்று சொல்ல, பார்க்காதவரால்தான் முடியும்.

போகிறவன் போனதால் ஊர் திருந்தாமல் போயிற்று என்பதே நண்பர் கட்டுரையின் மூலக்கல். அங்கேதான் அவர் சுத்தமாகச் சறுக்குகிறார். 1970களிலும் 80களிலும் பஞ்சாபின் நடவு வயல்களுக்குப் பிகார்க் கூலிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதற்கு முன் அவர்களில் பலர் சொந்த ஊரில் பண்ணையாட்கள். கடனுக்குக் கட்டுண்டவர்கள், நில உடைமையாளர் கொடுக்கும் தானியம்தான் கூலி. பஞ்சாபுக்கு வழி திறந்ததும் என்ன ஆயிற்று? நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காமல் உடைமையாளர்கள் கூலியை ஏற்ற வேண்டி வந்தது. கட்டிவைத்திருந்த கயிறும் தளர்ந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து பிகார்க் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்தவர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஊரில் இருந்தவனுக்குக் கூலி ஏறியதே பக்கத்து வீட்டுக்காரன் ரயிலேறியதால்தான். அன்று அந்த ரயிலை மறிக்க ஆசைப்பட்டவர்கள் யார் தெரியுமா? நிலக்கிழார்கள். நண்பர் அறியாமல் போய் நிற்கிற வரிசை அது.

சரி, இருந்து ஓட்டுப் போட்டு மாற்றலாமே என்கிறார். ஓட்டுப் போட அவர்கள் போகாமலா இருக்கிறார்கள்? 2025 சட்டமன்றத் தேர்தலைச் சட் பண்டிகை முடிந்த கையோடு வைக்கச் சொல்லிக் கட்சிகளே கேட்டன, வெளியூர்த் தொழிலாளர்கள் பண்டிகைக்கு வந்திருக்கும்போதே ஓட்டை வாங்கிவிடலாம் என்றுதான். பண்டிகை அக்டோபர் கடைசியில்; வாக்குப்பதிவு நவம்பர் 6, 11. அதற்குச் சில மாதங்கள் முன்னால் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் போயின. அவற்றில் ஏறக்குறைய 36 லட்சம் 'நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது காணக் கிடைக்காதவர்கள்' என்ற கணக்கில். வேலைக்குப் போயிருப்பவனின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆளில்லை என்று எழுதிக்கொண்டால் அவன் எங்கிருந்து திருத்துவான்? தொலைவிலிருந்து வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டினார்கள். அதன் பிறகு அந்த யோசனை நகரவில்லை. நண்பர் போராட வேண்டிய இடம் இது.

அவர் கட்டுரையில் பாதி உண்மை ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். வெளியூர்ப் பணம் ஊரில் தொழிற்சாலை கட்டாது என்பது சரி. செங்கல் வீடாகும், கல்யாணமாகும், மருந்துச் சீட்டாகும். ஆனால் தொழிற்சாலை கட்டுவது ஓவர்லாக் தைக்கிறவனின் வேலையா? மூலதனம் கொண்டுவர வேண்டியவர்களையும் சாலை போட வேண்டியவர்களையும் விட்டுவிட்டு, வாரம் ஐயாயிரம் அனுப்புகிறவனிடம் ஏன் மாநிலத்தை வளர்க்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கேரளத்தை உதாரணம் காட்டி அவர் பயமுறுத்துவது இன்னும் வேடிக்கை. வளைகுடாப் பணத்தில் அரை நூற்றாண்டாக வாழும் அந்த மாநிலம் மூழ்கிப்போய்விட்டதா? 2023 ஆய்வொன்று அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை ஆண்டுக்கு 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. பணம் வந்தபோது அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் முன்பே இருந்தன. வித்தியாசம் அதில் இருக்கிறது.

அதே கேரளம்தான் அவருடைய கடைசி வாதத்தையும் கவிழ்க்கிறது. வெளிமாநிலத்தவர் வந்தால் கூலி இறங்கும் என்றால், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் கேரளத்தில்தானே கூலி அடிமட்டத்தில் இருக்க வேண்டும்? ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் தினக்கூலி கேரளத்தில் 852 ரூபாய். நாட்டுச் சராசரி 393. சங்கம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, அதனால் கூலி நிற்கிறது. இங்கே இறங்குகிறது என்றால் இறக்குகிறவன் யார்? ஒப்பந்ததாரர்.

1979இல் நாடாளுமன்றம் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்ததாரர் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளியின் அதே கூலி கொடுக்க வேண்டியிருந்தது. போக வரப் பயணப்படி, ஊர்விட்டு வந்ததற்காக அரை மாதச் சம்பளம் திரும்பக் கேட்காத உதவியாக. நாற்பதாண்டுக்கு மேல் அது காகிதத்தில் கிடந்தது. சமக் கூலி விதியை மட்டும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால் தமிழ்த் தொழிலாளியைத் தள்ளிவிட்டு மலிவாக ஆள் எடுக்க ஒப்பந்ததாரருக்கு வழியே இருந்திருக்காது. நண்பருடைய நீண்ட கட்டுரையில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. கூலி குறைந்ததற்குக் குறைந்த கூலி வாங்குகிறவனையே குற்றவாளியாக்கி முடித்துவிட்டார்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்று ஷிப்டுகள் குறைந்தன. அந்தத் தொழிலாளிக்கு மறுபடி அதே கேள்வி: இங்கே இருப்பதா, போவதா? அவனுக்கு எங்கே இருந்தாலும் கஷ்ட காலம்தான். அந்தக் கணக்கை அவன் வீட்டில்தான் போட முடியும். அவன் கடன் எவ்வளவு, அப்பாவுக்கு மருந்து எவ்வளவு, தங்கைக்குப் படிப்பு எத்தனை வருடம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். நண்பருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போய் வேலை செய்து குடியிருக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு அவனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் நம்மிடம் அவன் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

நண்பர் அடுத்த கட்டுரை எழுதுவார், தெரியும். தொழிலாளிக்கு அறிவுரை சொல்வதை அதிலாவது விட்டுவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதட்டும்: ஒரே வேலைக்கு ஒரே கூலி, இருக்கிற ஊரிலிருந்தே சொந்த ஊருக்கு ஓட்டு, ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் கட்டுமான இடத்திலும் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போடும் பதிவேடு. அதற்குக் கையெழுத்து இயக்கம் நடத்தினால் முதல் கையெழுத்து என்னுடையது. வாசகர்களும் போட வேண்டும்.